குடல்வால் ஆபரேஷன்

அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் தங்கை சாம்பல் நிறக் கோட்டு ஒன்றைச் சுவர் ஜன்னல் வழியாக என் பக்கம் தள்ளினாள்.

"அக்கா, பட்டன் எத்தனைன்னு எண்ணிச் சொல்லு. இந்த ஆள் போன தடவை ஏழு குடுத்தேன், ஆறுதான் வந்துச்சுன்னு மல்லுக்கு நின்னாரு."

எண்ணினேன். "ஆறு."

"கைப் பட்டனையும் சேத்தா?"

"சேத்துதான்டி ஆறு."

"அப்ப ஆறுன்னு எழுதிக் கையெழுத்தும் வாங்கிடறேன். படிச்ச மனுஷன், பட்டனுக்குப் பஞ்சாயத்து வைக்கிறாரு." கடைசி வார்த்தைகளைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஆள் வெளியில் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் கடை துணி வெளுக்கும் கடை. முன்பக்கம் அவள்: துணி வாங்குவது, சீட்டு எழுதுவது, நடுவில் நீராவிப் பெட்டியில் தேய்ப்பது. பின்னறையில் நான்: கறை எடுப்பது. நடுவில் ஒரு கோட்டு நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல். இருபது வருஷமாக நாங்கள் பேசியதில் முக்கால்வாசி அதன் வழியாகத்தான்.

அரைமணி நேரம் கழித்து நீராவிச் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தேன். கூப்பிட்டேன். பதில் இல்லை. போய்ப் பார்த்தபோது சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. பெட்டியிலிருந்து தண்ணீர் கசிந்திருக்கிறது என்று நினைத்தேன். கறை எடுக்கிறவள் நான். ஒரு நொடிக்கு மேல் அப்படி நினைக்க முடியவில்லை.

மறுநாள் மதியம் அவள் இறந்துபோனாள். நாற்பத்தைந்து வயது. கர்ப்பப்பைக் கட்டியால் உயிர் போவது மிகவும் அபூர்வம் என்று டாக்டரே சொன்னார். கட்டி அவளைக் கொல்லவில்லை. மாதாமாதம் ரத்தம் போய்ப்போய், உடம்பில் இருக்க வேண்டியதில் கால் பங்குகூட மிச்சமில்லை. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு ஓடி ஓடி இதயம் களைத்துவிட்டது. புது ரத்தம் ஏற்றியும் அதனால் எழுந்திருக்க முடியவில்லை.

அதற்குப் பத்து வாரம் முன்பு நானும் அவளும் அந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவள் கணவர் வெளியூருக்கு லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அதனால் துணைக்கு நான்.

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் பேரிக்காய் மாதிரி ஒன்றை வரைந்தார். அதற்குள் மூன்று வட்டங்கள் போட்டார்.

"இது மூணும் ஃபைப்ராய்டு. புற்றுநோய் மாதிரி தெரியல, அதுக்குப் பயப்படாதீங்க. ஆனா இந்தப் பெரியது உள்பக்கம் துருத்திக்கிட்டு இருக்கு. அதனாலதான் இவ்வளவு போகுது."

"மூணு பேரும் வாடகை குடுக்காம உள்ள உக்காந்திருக்காங்களா டாக்டர்?" என்றாள் தங்கை.

டாக்டர் சிரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். கட்டிகளை மட்டும் எடுக்கலாம். கர்ப்பப்பை இருக்கும், ஆனால் சிலருக்குத் திரும்ப வளரும். அல்லது தொடைப்பக்கத்து ரத்தக்குழாய் வழியாக நூல் மாதிரி ஒரு குழாயை விட்டு, கட்டிக்குப் போகிற ரத்தத்தை அடைக்கலாம். பெரிய வெட்டு இல்லை, சில நாள் நல்ல வலி இருக்கும், கட்டி மாதக்கணக்கில் மெதுவாகச் சுருங்கும், சிலருக்கு மறுபடி ஏதாவது செய்ய வேண்டிவரும். அல்லது கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம். பெரிய ஆபரேஷன், ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, ஆனால் அதோடு இந்தத் தொல்லை முடிந்தது.

"எது நல்லது, எனக்கும் இந்த மூணு பேருக்கும்?" என்றாள்.

"உங்க மூணு பேருக்கும் எதுவும் ஒத்து வரும்," என்று அவர் தாளைத் தட்டினார். "உங்களுக்கு எது ஒத்து வரும்னு நீங்கதான் சொல்லணும். மாதவிடாய் நின்னா கட்டி பெரும்பாலும் தானா சுருங்கிடும். ஆனா உங்க ரத்த அளவுக்கு சும்மா காத்திருக்கிறது வைத்தியம் இல்ல. இரும்பு ஊசி அஞ்சு எழுதியிருக்கேன். ரெண்டு வாரத்துல முடிவோட வாங்க."

தங்கை அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "எடுத்துட்டா உள்ள காலியா இருக்குமா?" என்று கேட்டாள். கேலியில்லாத குரலில் அவள் கேட்ட ஒரே கேள்வி அது.

"இருக்காது. குடல் அந்த இடத்துல வந்து உக்காந்துக்கும். ஆனா நான் சொல்றதைவிட, பண்ணிக்கிட்டவங்க சொன்னா உங்களுக்குத் தைரியமா இருக்கும். தெரிஞ்சவங்க யாராவது இருந்தா பேசிப் பாருங்க."

"எனக்குத் தெரிஞ்சு யாருமில்ல டாக்டர்."

நான் அவளுக்கு இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். என் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் மாட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கர்ப்பப்பை எடுத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அப்போது எனக்கு முப்பத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. இதே கட்டிதான், இன்னும் பெரியது. வேறு ஊர் ஆஸ்பத்திரி. கூட வந்தது அம்மா மட்டும். தங்கைக்கு அப்போது கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரிய பெண். அவளால் வர முடியவில்லை. கண் விழித்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "யார் கேட்டாலும் குடல்வால்னு சொல்லு." ஒரு பூட்டுக்காரர் என்னைப் பெண் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. முதல் மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. இந்த வயதில் வந்த வரனையும் கெடுத்துக்கொள்ளாதே என்றாள் அம்மா. "இவகிட்டயும்தான்," என்றாள். இவள் என்றால் தங்கை. "இவ வாயில எது நிக்கும்?"

அம்மா அதற்கடுத்த வருஷம் போய்விட்டாள். பொய் மட்டும் என்னோடு இருந்தது. பொய்க்கும் தீனி போட வேண்டியிருந்தது. பூட்டுக்காரரோடு கல்யாணமான பின் மாதாமாதம் மருந்துக்கடையில் ஒரு பாக்கெட் நாப்கின் வாங்கி, கணவர் கண்ணில் படும்படி அலமாரியில் வைப்பேன். அடுத்த மாதத்துக்குள் அதைக் காலி செய்ய வேண்டும். வேறு வழி தெரியாமல் கடைக்கு எடுத்துப்போய்த் தங்கையிடம் கொடுப்பேன். "வீட்டுல மிச்சம் இருந்துச்சு."

"உனக்கு எப்பப் பாரு மிச்சம்தான். எனக்கு எவ்வளவு வாங்கினாலும் பத்தல. குடுத்து வச்சவடி நீ," என்பாள். என்னைவிட நான்கு வயது சின்னவள், சந்தோஷமாக இருந்தால் என்னையே 'டி' போடுவாள்.

டாக்டரிடம் போனதற்கு முந்தின வருஷம், நாற்பத்தெட்டாவது வயதில், பாக்கெட் வாங்குவதை நிறுத்தினேன். இனி நின்றுவிட்டது என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அன்று மருந்துக்கடையைத் தாண்டிப் போகும்போது விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. அந்த விடுதலை என்ன விலைக்கு வந்தது என்பதை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

டாக்டரைப் பார்த்துவந்த மறுநாள், தங்கை ஒரு கம்பி ஹேங்கரை ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டினாள். அதில் துணிச் சீட்டுகளைக் குத்தத் தொடங்கினாள். தண்ணீரில் துவைப்பதற்கு நீலச் சீட்டு, மருந்தில் வெளுப்பதற்கு மஞ்சள். கட்டியை மட்டும் எடுப்பதை, திரும்ப வளரும் என்று முதலிலேயே தள்ளிவிட்டு, குழாய் வைத்தியத்துக்கு நீலம், கர்ப்பப்பை எடுப்பதற்கு மஞ்சள் என்று பிரித்துக்கொண்டாள். வேலைக்கு நடுவில் தோன்றியதை எழுதிக் குத்துவாள்.

நீலத்தில்: 'இங்க பண்ண மாட்டாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்.' 'வலி எத்தனை நாள்?' 'பெரியவர் சுருங்கலைன்னா?' பெரியவர் என்றால் பெரிய கட்டி. மற்ற இரண்டுக்கும் நடுவுலவர், கடைக்குட்டி என்று பெயர் வைத்திருந்தாள்.

மஞ்சளில்: 'உடம்பு போடுமா?' 'எப்ப பெட்டி தூக்கலாம்?' 'அவருக்கு வித்தியாசம் தெரியுமா?' 'அழுகை வருமாமே?' கடைசியாக ஒன்று: 'யாரைக் கேக்கிறது?'

துணி வாங்கிக்கொள்ள ஜன்னலருகே போகும்போதெல்லாம் அந்த மஞ்சள் சீட்டுகள் என் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எனக்கு விடை தெரியும். இங்கே எழுதுகிறேன். என் உடம்புக்கு நடந்ததுதான் இது, எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். உடம்பு போடவில்லை. முதல் வாரம் தும்மல் வந்தால் பயமாக இருந்தது, தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு தும்முவேன். மூன்றாவது வாரம் வீட்டுக்குள் நடந்து சலித்துப்போனேன். ஒன்பதாவது வாரம் ஈரத் துணிக் கூடையைத் தூக்கினேன், ஒன்றும் ஆகவில்லை. அழுகை ஒரே நாள் வந்தது, மருந்துக்கடையில் வரிசையில் நிற்கும்போது, ஏனென்று தெரியாமல். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு முன்னைவிட வலி குறைவு. உள்ளே காலியாக ஒரு நாளும் இருந்ததில்லை. பசிக்கும்போது தவிர.

இவ்வளவுதான். சொல்ல ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கேட்டுவிட்டு அவள் நீலத்தையே தேர்ந்தெடுத்திருக்கலாம். அதுவும் நல்ல முடிவுதான். ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பாள்.

ஒரு திங்கட்கிழமை சொல்ல எழுந்தேன். ஜன்னல் பக்கம் போய், "ஏடி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

"சொல்லு."

வாசல் மணி அடித்தது. யாரோ திரைச்சீலை வாங்க வந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வந்து, "என்னமோ சொல்ல வந்தியே?" என்றாள்.

"உப்பு தீந்துபோச்சு," என்றேன்.

"அதுக்கா இந்த மூஞ்சி? நான்கூட மாமா வேற எவளையோ கூட்டிட்டு வந்துட்டாரோன்னு பாத்தேன்."

உப்பும் குளிர்ந்த தண்ணீரும் ரத்தக்கறைக்கு. சூடான தண்ணீர் பட்டால் கறை துணியில் நிரந்தரமாகக் குடியேறிவிடும். அந்த நாட்களில் அவளுடைய வேலை உடுப்பையும் நானே வாங்கி அலசிக்கொண்டிருந்தேன். எவ்வளவு போகிறது என்று அவள் கணவருக்குத் தெரியாது, டாக்டரிடம் அவள் சொன்ன கணக்கு பாதி. முழுசாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தொட்டியில் தண்ணீர் மூன்றாவது முறை மாற்றியும் சிவப்பாகவே இருக்கும். நான் வெள்ளை வெளேரென்று எடுத்துக் கொடுப்பேன். "நீ இருக்கிற வரைக்கும் எனக்கென்ன கவலை," என்பாள்.

இரண்டாவது வாரம் முடியும்போது ஜன்னலில் தலையை நீட்டி, சாதாரணமாகக் கேட்டாள்.

"அக்கா, உனக்கு நின்னுடுச்சா?"

கையில் ஒரு மேஜைவிரிப்பு. திராட்சைச் சாற்றுக் கறை. அதைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "ம்," என்றேன்.

"எப்ப?"

"போன வருஷம்."

"நாப்பத்தெட்டுல?"

"ஆமா."

"கஷ்டப்பட்டியா?"

"இல்ல. தானா நின்னுச்சு."

அவள் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் பார்க்கிறேன். "ஒரே வயித்துல பொறந்தவங்கதானே நாம? அப்ப எனக்கும் மூணு வருஷம். டாக்டர்தான் சொன்னாரே, நின்னா மூணு பேரும் தானா பெட்டி படுக்கையைக் கட்டிடுவாங்கன்னு. மூணு வருஷம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடலாம். எதுக்குக் கத்தி, எதுக்குக் குழாய்?"

"டாக்டர் காத்திருக்கக் கூடாதுன்னு சொன்னாருடி."

"அவர் யாருக்கோ சொல்ற மாதிரி சொல்றாரு. நீ என் சொந்த அக்கா, கண்ணு முன்னாடி நிக்கிறே. இதைவிட என்ன சாட்சி?"

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று நேரத்தை ரத்து செய்தாள். சீட்டுகளை ஹேங்கரோடு கழற்றி உள்ளே எங்கோ வைத்தாள். ஐந்து ஊசியில் இரண்டுதான் போட்டிருந்தாள், மீதிக்குப் போகவில்லை. கூட எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரையையும் வயிற்றைப் பிசைகிறது என்று பாதியில் விட்டாள். போகச் சொல்லி நான் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை, "ஏன், உனக்குத் தெரிஞ்சு யாருக்காவது ஏதாவது ஆச்சா?" என்று கேட்டாள். அதன் பிறகு சொல்லவில்லை. எட்டு வாரம்.

அவள் போய் ஒரு மாதம் கழித்து என் கணவரிடம் சொன்னேன். அவர் கடையில் சாவி ஒன்றுக்குப் பல் வெட்டிக்கொண்டிருந்தார். இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்: கர்ப்பப்பை, அம்மா, பாக்கெட், போன வருஷம் நின்றது என்று சொன்ன பொய், தங்கை.

அவர் சாவியை ஊதித் தூசி தட்டினார். "குடல்வால் வலப்பக்கம்ல இருக்கும்," என்றார். "உன் தழும்பு நடுவுல, குறுக்கே இருக்கு. கல்யாணமான முதல் மாசமே தெரியும்."

"அப்ப ஏன் கேக்கல?"

"மாசாமாசம் நீ பாக்கெட் வாங்கிட்டு வந்து, லேபிள் வெளிப்பக்கம் தெரியிற மாதிரி வைப்பே. இவ்வளவு மெனக்கெட்டு ஒருத்தி பொய் சொல்றப்ப அதைப் போய் உடைக்கணுமான்னு இருந்துச்சு. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

"உங்களுக்குக் குழந்தை…"

"நான் எப்பவாவது கேட்டேனா?"

கேட்டதில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவருக்குக் கேட்கவே ஒன்றுமில்லை. பூட்டாத வீட்டுக்குப் பன்னிரண்டு வருஷம் காவல் இருந்திருக்கிறேன். அந்தக் காவலுக்கு வெளியே என் தங்கையை நிற்க வைத்திருக்கிறேன். அவர் என் தோளில் கை வைத்தார். எடுங்கள் என்றேன். ஆறுதல் சொல்லும் கையைத் தாங்க முடியாத நாளும் உண்டு.

தங்கையின் மகளுக்கு இப்போது பதினாறு. அம்மாவின் சாமான்களைக் கடையிலிருந்து எடுத்துப் போக வந்தாள். பணம் வைக்கும் மேஜையின் கீழ் அறையில், யாரும் திரும்ப வாங்கிப் போகாத தொப்பிகளுக்கு அடியில், அந்த ஹேங்கர் இருந்தது. சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். அம்மாவின் எழுத்தைப் பார்த்துச் சில இடத்தில் சிரித்தாள். 'கடைக்குட்டி' என்ற இடத்தில் என்னிடம் காட்டினாள். பிறகு மஞ்சள் சீட்டுகளுக்கு வந்தாள்.

"பெரியம்மா, 'யாரைக் கேக்கிறது'ன்னு எழுதியிருக்காங்களே. யாரையாவது கேட்டாங்களா?"

அவளுக்கு வேறு பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு அதில் பழக்கம் உண்டு. ஆனால் அவள் உட்கார்ந்திருந்தது அவள் அம்மாவின் முக்காலி. சொன்னேன். கர்ப்பப்பை எடுத்ததையும், 'தானா நின்னுச்சு' என்று சொன்னதையும்.

முதலில் புரியாத மாதிரி பார்த்தாள். கணக்குப் போடுகிற மாதிரி உதடுகள் அசைந்தன. பிறகு மெதுவாக, "அப்ப அம்மா உங்களைத்தான் கேட்டிருக்காங்க," என்றாள்.

"ஆமாம்மா."

"நீங்க அவங்க துணியை வேற துவைச்சுக் குடுத்திருக்கீங்க."

"ஆமா."

ஹேங்கரைப் பைக்குள் வைத்தாள். சீட்டுகள் மடங்காமல் பார்த்து வைத்தாள். கதவருகே போய்த் திரும்பி, "வீட்டுக்கு வராதீங்க பெரியம்மா, கொஞ்ச நாளைக்கு," என்றாள். பெரியம்மா என்ற சொல்லை விடவில்லை. கொஞ்ச நாள் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. ஏழு மாதம் ஆகிறது. அவளுக்கும் அதிகமாகப் போகிறதா, யாரிடம் காட்டுகிறாள் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. எல்லாவற்றையும் ஒரு கடிதமாக எழுதி அனுப்பினேன். தும்மல், தலையணை, ஒன்பதாவது வாரம், எல்லாம். உன் அம்மா, பெரியம்மா இருவருக்கும் இது இருந்தது, டாக்டரிடம் இதை முதலில் சொல் என்று கடைசி வரியில் எழுதினேன். பதில் இல்லை. கடிதம் திரும்பியும் வரவில்லை.

போன வாரம் எனக்கு மேல்வயிற்றில் வலி. நானும் கணவரும் ஸ்கேன் எடுக்கப் போனோம். குளிர்ந்த பசையைத் தடவியபடி, ஸ்கேன் எடுக்கிறவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"முன்னாடி ஆபரேஷன் ஏதாவது?"

"கர்ப்பப்பை எடுத்திருக்கு," என்றேன். திரைச்சீலைக்கு வெளியே காத்திருக்கிறவர்களுக்கும் கேட்கும் குரலில் சொன்னேன்.

"எந்த வருஷம்?"

சொன்னேன். எழுதிக்கொண்டார். "மூச்சை இழுத்துப் பிடிங்க," என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. விழாது என்று தெரிந்துகொள்ள நான் எடுத்துக்கொண்ட காலத்தை நினைத்து, மூச்சைப் பிடித்தபடி படுத்திருந்தேன்.

வலி பித்தப்பைக் கல்லாம், சின்னது. அறிக்கையை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் என்று வரிசையாக இருந்தது. கர்ப்பப்பை என்ற இடத்தில், அகற்றப்பட்டுள்ளது. அதற்கு இரண்டு வரி கீழே, குடல்வால்: இருக்கிறது, இயல்பான அளவு.